பெயரை அனுப்ப வேண்டியது யார்

என் மூத்த மகளுக்குப் பிளஸ் ஒன் பரீட்சை நடந்துகொண்டிருந்தபோது அம்மை போட்டது. மற்ற தாள்களையெல்லாம் எழுதிவிட்டாள். வேதியியலும் உயிரியலும்தான் பாக்கி. காலையில் குளித்துவிட்டு வந்தவள் கழுத்துக்குக் கீழே ஏதோ அரிக்கிறது என்று காட்டினாள். பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. அவளைப் பாயில் படுக்க வைத்துவிட்டு, அடுப்பில் தாளிக்க வைத்திருந்த எண்ணெயை இறக்கினேன். வீட்டில் அம்மை இறங்கும்வரை தாளிக்கக் கூடாது.

என் வீட்டுக்காரர் எர்ணாகுளத்தில் ஓட்டல் சமையல்காரர். போன் பண்ணிச் சொன்னேன். நாங்கள் குடியிருக்கும் மட்டாஞ்சேரியில் வேப்பிலைக்கு எங்கே போவது? அவர் அங்கே பூ விற்கும் நம் ஊர்க்காரரிடம் சொல்லி, ஒரு பை நிறைய வாங்கிக்கொண்டு வந்தார். வாசலில் சொருகினோம், படுக்கையில் பரப்பினோம். இளநீர், மோர்ச்சோறு. டாக்டரிடம் போகவில்லை. சங்கரன்கோவில் பக்கத்தில் எங்கள் அம்மா எனக்கு என்ன செய்தாளோ அதைத்தான் நான் செய்தேன். மூன்று தண்ணீர் ஊற்றும்வரை பிள்ளை வாசல்படி தாண்டவில்லை. யார் என்ன சொன்னாலும் சரி, நாளைக்கே என் சின்ன மகளுக்கு வந்தாலும் இதையேதான் செய்வேன்.

வகுப்பாசிரியருக்கு அன்றைக்கே போன் செய்தேன். பிள்ளைக்கு உடம்பு சரியில்லை, பரீட்சைக்கு வர முடியாது என்றேன். என்ன உடம்புக்கு என்று கேட்டார். அதை வெளியே வாயால் சொல்லும் பழக்கம் எங்களுக்குக் கிடையாது. படுத்திருக்கிறாள் என்று மட்டும் சொன்னேன். அவரும் தோண்டித் துருவவில்லை.

“பேடிக்க வேண்டாம் சேச்சி. விட்ட பேப்பர் பின்னே எழுதலாம். பேரெல்லாம் நாங்க அயைச்சுக்கலாம்” என்றார்.

பயப்படாதீர்கள், பெயரை நாங்களே அனுப்பிவிடுகிறோம் என்று அர்த்தம். நல்ல மனுஷன். அன்றைக்கு அவர் சொன்னதை நான் நம்பினேன், அவரும் மனதில் இருந்ததைத்தான் சொல்லியிருப்பார் என்று இப்போதும் நினைக்கிறேன். ஆனால் எங்கேயும் குறித்து வைக்கவில்லை போல. ஜூன் மாதம் பள்ளி திறந்தபோது அவருக்குப் பாலக்காட்டுக்கு மாற்றல் ஆகியிருந்தது. அவர் சொன்ன வாக்கும் அவரோடு பஸ் ஏறிப் போய்விட்டது.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். கேரளத்தில் பிளஸ் ஒன்னும் பிளஸ் டூவும் தனித்தனி இல்லை. இரண்டு வருஷ மார்க்கையும் சேர்த்துத்தான் சான்றிதழ். முதல் வருஷத்தில் இரண்டு தாள் விட்டுப்போனால், அவற்றை மறுபடி எழுத அடுத்த வருஷம் நடுவில் ஒரு பரீட்சை வைப்பார்கள். மார்க் போதவில்லை என்று நினைப்பவர்களும் அதே பரீட்சையைத்தான் எழுதுவார்கள். அதையும் விட்டுவிட்டால், பிளஸ் டூவில் முதலாவதாக வந்தாலும் படிப்பு முடிந்ததாகாது. என் மகளுக்கு நர்சிங் படிக்க ஆசை. வேதியியலும் உயிரியலும் இல்லாமல் எந்த நர்சிங் கல்லூரி வாசலில் போய் நிற்பது?

புதிதாக வந்த வகுப்பாசிரியை சின்னப் பெண். திருச்சூர்ப் பக்கம். முதல் வேலை, பள்ளுருத்தியில் இன்னொரு டீச்சரோடு அறை எடுத்துத் தங்கியிருந்தார். என் மகள் முதல் வாரமே அவரிடம் போய், எனக்கு இரண்டு தாள் பாக்கி இருக்கிறது, பெயரை அனுப்புவதாக சார் சொல்லியிருந்தார் என்று சொல்லியிருக்கிறாள். டீச்சர் பள்ளி ஆபீசில் போய்க் கேட்டிருக்கிறார். பரீட்சைக்கு வராதவர்களின் பெயர் கம்ப்யூட்டரில் தானாகவே இருக்கும், மார்க் கூட்ட நினைப்பவர்கள்தான் எழுதிக் கொடுக்க வேண்டும் என்று ஆபீசில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். அதை அப்படியே என் மகளிடம் சொன்னார். பெற்றோர் கூட்டத்துக்கு நான் போனபோதும் கேட்டேன். அது சரியாகிவிடும் சேச்சி என்றார். நான் இரண்டாவது முறை கேட்டதற்குக் கூடச் சிரித்த முகத்தோடுதான் பதில் சொன்னார்.

அப்புறம் நோட்டீஸ் போர்டில் அறிவிப்பு ஒட்டினார்கள். மார்க் கூட்ட விரும்புகிறவர்கள் இந்தத் தேதிக்குள் விண்ணப்பிக்கவும் என்று இருந்ததாம். என் மகள் என்னைவிட நன்றாக மலையாளம் படிப்பாள், தமிழைவிடவும் நன்றாகப் படிப்பாள். படித்துவிட்டு, இது நமக்கில்லை, நம் பெயர்தான் ஏற்கெனவே இருக்கிறதே என்று வகுப்புக்குப் போய்விட்டாள். தினமும் ராத்திரி வேதியியல் புத்தகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். சின்னவளை விட்டுக் கேள்வி கேட்கச் சொல்வாள். அவள் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை, வாய்க்குள் நுழையாத பெயர்களைத் தப்புத் தப்பாகப் படித்துக் கேட்பாள். இரண்டு பேரும் சிரித்துக்கொள்வார்கள்.

பரீட்சைக்குச் சில நாட்களே இருக்கும்போது ஹால் டிக்கெட் வந்தது. வகுப்பில் பெயர் சொல்லிச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். என் மகள் பெயர் வரவில்லை.

பஜாரில் மிளகும் ஏலக்காயும் பாக்கெட் போடும் இடத்தில் எனக்கு வேலை. டீச்சர் போனிலிருந்துதான் மகள் கூப்பிட்டாள். அழவில்லை. “அம்மா, கொஞ்சம் வா” என்று மட்டும் சொன்னாள். அந்தக் குரலைக் கேட்டதும் கையில் இருந்ததை அப்படியே போட்டுவிட்டு, மேஸ்திரியிடம் சொல்லிக்கொள்ளாமல்கூடக் கிளம்பினேன். உடம்பெல்லாம் மிளகுத் தூள். பள்ளி வாசலில் வாட்ச்மேன் தும்மினார்.

பிரின்சிபால் மரியாதையான ஆள். நாற்காலியில் உட்காரச் சொன்னார். டீச்சர் சுவரோரம் நின்றுகொண்டிருந்தார், முகம் வெளுத்துப்போயிருந்தது. பிரின்சிபால் விளக்கமாகப் பேசினார். விண்ணப்பிப்பது மாணவியின் கடமை, பள்ளி அறிவிப்பு ஒட்டியிருக்கிறது, இத்தனை பிள்ளைகளில் யாருக்கு எது பாக்கி என்று ஒவ்வொன்றாகப் பார்க்க முடியுமா என்று கேட்டார். முடியாது என்று நான் தலையாட்டுவேன் என்று எதிர்பார்த்தார் போலிருக்கிறது. நான் ஆட்டவில்லை. எங்கள் பாக்கெட் போடும் இடத்திலேயே எந்த மூட்டை எங்கே போக வேண்டும் என்று பார்க்க ஒரு ஆள் இருக்கிறான் சார், பிள்ளைகளுக்கு ஒரு ஆள் கிடையாதா என்று கேட்டேன். எனக்குக் கோபம் வந்தால் மலையாளம் வராது. பாதி தமிழில்தான் கேட்டேன். ஆனால் அவருக்குப் புரிந்தது.

ஒரே ஒரு வழிதான் இருக்கிறது என்றார். எர்ணாகுளத்தில் இருக்கும் மேல் அதிகாரியின் ஆபீசில் விசேஷ அனுமதி கேட்டு மனுக் கொடுக்கலாம். பிள்ளை நோயாக இருந்ததால் விட்டுப்போனது என்று டாக்டர் சான்றிதழோடு கொடுத்தால் பரிசீலிப்பார்கள். எந்த ஆஸ்பத்திரியில் காட்டினீர்கள் என்று கேட்டார்.

எங்கேயும் காட்டவில்லை என்றேன். அம்மை போட்டிருந்தது, அதற்கு டாக்டரிடம் போக மாட்டோம் என்று அப்போதுதான் முதல் தடவையாக வெளி ஆள் ஒருவரிடம் வாய்விட்டுச் சொன்னேன்.

அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். அதை அன்றைக்கே சொல்லியிருந்தால் தனி அறை போட்டு எழுத வைத்திருப்போமே, வருஷா வருஷம் செய்கிறோமே என்றார். எனக்கு அது தெரியாது. தெரிந்திருந்தாலும் அந்த நிலையில் பிள்ளையை வாசல் தாண்ட விட்டிருக்க மாட்டேன். ஆனால் அப்படி ஓர் அறை உண்டு என்று யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அதுவும் சொல்ல வேண்டிய விஷயம்தானே.

பிறகு பிரின்சிபால் குரலைத் தாழ்த்தி ஒரு யோசனை சொன்னார். அவருக்குத் தெரிந்த கிளினிக் ஒன்று இருக்கிறது, முன் தேதி போட்டுச் சான்றிதழ் வாங்கிவிடலாம். இப்போதும் அவளுக்கு உடம்பு சரியில்லாமல் இருந்ததால்தான் விண்ணப்பம் தாமதம் என்று சேர்த்து எழுதிவிடலாம். எல்லாருக்கும் நல்லது.

யார் அந்த எல்லாரும் என்று எனக்கு அப்போதே விளங்கிவிட்டது. அப்படி எழுதினால் தவறு முழுக்க எங்கள் வீட்டில் இருந்ததாக ஆகும். பள்ளி கையைத் துடைத்துக்கொள்ளும். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேனோ என்னவோ. ஆனால் என் வீட்டில் அம்மன் வந்திருந்தபோது நான் பிள்ளைக்கு ஊசி போட்டேன், மாத்திரை கொடுத்தேன் என்று பொய்க் காகிதத்தில் கையெழுத்துப் போடச் சொல்கிறார்கள். அது சாமி குற்றம். படிக்கிறவர்களுக்குச் சிரிப்பாக இருக்கலாம். எனக்குச் சிரிப்பாக இல்லை.

“முடியாது சார்” என்றேன்.

“அப்போ ஞான் எந்தா எழுதறது?”

“நடந்ததை எழுதுங்க. பேரை அனுப்பறோம்னு சொன்னீங்க, அனுப்பலை. அதை எழுதுங்க.”

அன்று சாயங்காலம் வீட்டில் என்னை யாருக்கும் பிடிக்கவில்லை. என் வீட்டுக்காரர் சமையலறையிலிருந்தே போனில் கத்தினார். பின்னால் தோசைக்கல் சத்தம் கேட்டது. சான்றிதழை வாங்கிக் கொடுத்துவிட்டுப் போவதை விட்டுவிட்டு வீம்பு பிடிக்கிறாய், பிள்ளையின் ஒரு வருஷம் போனால் நீயா கொடுப்பாய் என்றார். நியாயமான கேள்விதான். போனை வைத்தேன். மகள் புத்தகத்தைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தாள். பக்கம் புரளவே இல்லை.

“எனக்குப் பரீட்சை எழுதணும்மா. தப்பு யார் மேலன்னு எனக்கு வேண்டாம்” என்றாள்.

அதைக் கேட்டபோது என் வீம்பெல்லாம் கரைந்துவிட்டது. காலையில் போய்ச் சம்மதம் என்று சொல்லிவிடலாம் என்றுதான் படுத்தேன். சாமியிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்ளலாம், பிள்ளையிடம் கேட்க முடியாது.

காலையில் நான் பள்ளிக்குப் போவதற்கு முன்பே டீச்சர் எங்கள் வீட்டு வாசலில் நின்றார். அரிசிக் கிடங்குக்குப் பின்னால் வரிசை வீடுகள் எல்லாம் ஒரே மாதிரி இருக்கும், விசாரித்து விசாரித்து வந்திருக்கிறார். கையில் ஒரு கவர். மனு தயார், பிரின்சிபால் கையெழுத்துப் போட்டாகிவிட்டது, எர்ணாகுளத்தில் நேரில் கொடுக்க வேண்டும், நீங்களும் மகளும் வாருங்கள் என்றார். சான்றிதழ் வேண்டாமா என்று கேட்டேன். வேண்டாம், நடந்ததையே எழுதியிருக்கிறது என்றார். ஜெயித்துவிட்டேன் என்றுதான் எனக்குத் தோன்றியது. சந்தோஷத்தில் அவருக்குச் சாயாகூடப் போட்டுக் கொடுக்க மறந்துவிட்டேன்.

பஸ்ஸில் மூன்று பேர் உட்காரும் இருக்கை கிடைத்தது. தோப்பும்படி தாண்டியதும், என்ன எழுதியிருக்கிறது பார் என்று மகளிடம் சொன்னேன். டீச்சர் கவரைக் கொடுத்தார். அவள் மலையாளத்தைப் படித்துத் தமிழில் மெதுவாகச் சொல்லிக்கொண்டே வந்தாள். மாணவி இரண்டு தாள்கள் எழுதவில்லை, விட்டதை எழுத விரும்புவதாகப் பள்ளி திறந்ததுமே தெரிவித்திருந்தாள், மாணவியின் மீது எந்தத் தவறும் இல்லை. அதற்கு அடுத்த வரியில் நிறுத்திவிட்டாள்.

படி என்றேன்.

வகுப்பாசிரியையின் கவனக்குறைவால் பெயர் அனுப்பப்படவில்லை என்று இருந்தது. கீழே டீச்சரின் பெயரும் கையெழுத்தும்.

பாலக்காட்டுக்குப் போன சார் அந்தக் காகிதத்தில் இல்லை. கம்ப்யூட்டரில் தானாக வரும் என்று சொன்ன ஆபீஸ் ஆள் இல்லை. பிரின்சிபால் இருந்தார், மேலே, முத்திரைக்குப் பக்கத்தில், அனுப்புகிறவராக மட்டும். நான் கேட்டது பள்ளியின் தவறு என்று ஒரு வரி. வந்தது, நேற்று வேலைக்கு வந்த ஒரு பெண்ணின் பெயர்.

“என்ன டீச்சர் இது?” என்று கேட்டேன்.

அவர் என்னோடு பேசும்போது மலையாளத்தில் தமிழைக் கலந்துதான் பேசுவார். அன்றைக்கும் அப்படித்தான் பேசினார்.

“ஸ்கூல்னு மட்டும் எழுதினா, யாருடெ தெற்றுன்னு கேட்டு திருப்பி அயைக்கும் சேச்சி. பின்னே சமயம் இல்லா. ஒரு ஆளுடெ பேர் வேணும். மோள் என்னோடுதான் சொன்னது, ஞான்தான் சரியா விசாரிக்கலை.”

தெற்று என்றால் தவறு. யாருடைய தவறு என்று கேட்டு மனுவைத் திருப்பி அனுப்பிவிட்டால் பரீட்சை முடிந்துவிடும் என்கிறார். அவராகவே எழுதினாரா, எழுதச் சொன்னார்களா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கேட்டால் அவராகத்தான் என்பார். வேலைக்குச் சேர்ந்து இன்னும் நிரந்தரம்கூட ஆகாதவர்.

எனக்கு வெட்கமாக இருந்தது. பஸ்ஸை நிறுத்தி இறங்கலாம், திரும்பிப் போய் வேறு எழுதச் சொல்லலாம். அந்தக் கவரில் என் மகளின் ஒரு வருஷம் இருந்தது. நான் இருக்கையைவிட்டு எழவில்லை. மகள் மனுவை மடித்துக் கவருக்குள் வைத்து, டீச்சரிடம் கொடுக்காமல் தன் மடியிலேயே வைத்துக்கொண்டாள். எர்ணாகுளம் வரும்வரை மூன்று பேரும் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தோம்.

ஆபீசில் மதியம்வரை காத்திருந்தோம். அந்த அதிகாரி ஒரு பெண்மணி. மனுவைப் படித்துவிட்டு டீச்சரை மட்டும் உள்ளே கூப்பிட்டுப் பேசினார். கதவு திறந்துதான் இருந்தது. இதில் கையெழுத்துப் போட்டதற்கு உங்களிடம் விளக்கம் கேட்பார்கள், தெரியுமா என்று அவர் கேட்டது என் காதில் விழுந்தது. தெரியும் மேடம் என்றார் டீச்சர். வெளியே வரும்போது புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, எங்களைப் பார்த்து, ஊண் கழிக்காம் என்றார், சாப்பிடலாம் என்று. நான் என் வீட்டுக்காரர் வேலை செய்யும் ஓட்டலுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அவருக்கு விஷயத்தைச் சொன்னேன். டீச்சர் இலையில் அவரே வந்து பரிமாறினார். நேற்று என்னிடம் கத்திய மனுஷன், மறுபடி மறுபடி சாம்பார் ஊற்றிக்கொண்டிருந்தார்.

பரீட்சைக்கு முந்தின நாள் சாயங்காலம் ஹால் டிக்கெட் வந்தது. டீச்சரே கொண்டுவந்து கொடுத்தார். பெயர், பதிவு எண், பாடம் எல்லாவற்றையும் விரல் வைத்துப் படித்துவிட்டு, இன்னொரு தடவை படித்துவிட்டுத்தான் தாளைக் கையிலிருந்து விட்டார். என் மகள் இரண்டு தாளையும் எழுதினாள். நன்றாகத்தான் எழுதியிருந்தாள்.

டீச்சருக்கு மெமோ வந்தது என்று மகள்தான் வந்து சொன்னாள். பதில் எழுதிக் கொடுத்திருக்கிறார், அதன் பிறகு என்ன ஆனது என்று பிள்ளைகளிடம் சொல்லவில்லை. ஆனால் அதற்கப்புறம் வெள்ளிக்கிழமைதோறும் கடைசிப் பீரியடில் ஒவ்வொரு பிள்ளையையும் எழுப்பி, உனக்கு என்ன பாக்கி என்று கேட்க ஆரம்பித்துவிட்டாராம். ரெக்கார்டில் கையெழுத்து வாங்கினாயா, வருகை குறைகிறதே ஏன், பிராக்டிகலுக்கு எல்லாம் தயாரா என்று. பிள்ளைகள் அவருக்கு ஏதோ பட்டப்பெயர் வைத்துச் சிரித்தார்கள். என் மகள் சிரிக்கவில்லை என்று சொன்னாள். நம்புகிறேன்.

அடுத்த வருஷம் அவள் தேறி நர்சிங்கில் சேர்ந்துவிட்டாள். அதற்கடுத்த வருஷம் சின்னவளும் பத்தாவது முடித்து அதே பள்ளியில் பிளஸ் ஒன் சேரும் நாள் வந்தது. அதைப் பற்றித்தான் கடைசியாகச் சொல்ல வேண்டும்.

சேர்க்கை நாளன்று மேஜைக்குப் பின்னால் அதே டீச்சர் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்தார், மூத்தவளைப் பற்றி விசாரித்தார். மற்றக் காகிதங்களோடு புதிதாக ஒரு உறுதிமொழித் தாளும் இருந்தது. எல்லாப் பெற்றோரும் கையெழுத்துப் போட வேண்டுமாம். சின்னவள் படித்துச் சொன்னாள். எல்லாப் பரீட்சைகளுக்கும் உரிய காலத்தில் விண்ணப்பிப்பது மாணவரும் பெற்றோரும் பார்த்துக்கொள்ள வேண்டிய காரியம், விட்டுப்போனால் பள்ளிக்கு எந்தப் பொறுப்பும் இல்லை.

இதுதான் அவர்கள் பாடம் கற்றுக்கொண்ட லட்சணம். என் மகளுக்கு நடந்தது இனி யாருக்கும் நடக்கக் கூடாது என்று கூடி உட்கார்ந்து யோசித்து, நடந்தால் யாரும் கேட்கக் கூடாது என்று முடிவு செய்திருக்கிறார்கள். எனக்குச் சுரீரென்று கோபம் ஏறியது. டீச்சர் என் முகத்தைப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார்.

“ஒப்பு போட்டுக்கோங்க சேச்சி. தேதி வரும்போ ஞான் விளிச்சு சொல்லாம்.”

கையெழுத்தைப் போடுங்கள், நான் கூப்பிட்டுச் சொல்கிறேன் என்கிறார். சொல்லுவார், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அவர் இந்தப் பள்ளியில் இருக்கும்வரை சொல்லுவார். பாலக்காட்டு சாரும் இப்படித்தான் சொன்னார்.

பேனாவை வாங்கி, கையெழுத்துக்கு மேலே இருந்த காலி இடத்தில் தமிழில் எழுதினேன். எந்தத் தேதிக்குள் என்ன செய்ய வேண்டும் என்று ஒவ்வொரு பிள்ளைக்கும் நேரத்தில் தெரிவிப்பது பள்ளியின் பொறுப்பு, தெரிவித்ததைச் செய்வது என் பொறுப்பு. அதன் கீழே என் கையெழுத்து. என்ன எழுதியிருக்கிறீர்கள் என்று டீச்சர் கேட்டார். சின்னவள் மலையாளத்தில் சொன்னாள். டீச்சர் அந்த வரிகளைப் பார்த்தார். பிறகு பேனாவை எடுத்து, அதற்குப் பக்கத்தில் தன் கையெழுத்தைப் போடக் குனிந்தார்.

நான் தாளின் மேல் கையை வைத்து மறைத்தேன்.

“நீங்க வேண்டாம் டீச்சர். நீங்க ஒரு தடவை போட்டாச்சு.”

தாளை எடுத்துக்கொண்டு பிரின்சிபால் அறைக்குப் போனேன். உள்ளே கூட்டம் நடக்கிறது, முடிய நேரமாகும் என்றார் பியூன். பரவாயில்லை என்று வெளியே கிடந்த பெஞ்சில் உட்கார்ந்தேன். இந்தத் தடவை மேஸ்திரியிடம் முழுநாள் லீவு சொல்லிவிட்டுத்தான் வந்திருந்தேன்.